உங்கள் பள்ளிக்கூட ஷூவைத் தைத்துக் கொடுத்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கடைகள், மறைந்துபோன தொழில்கள் பற்றி வாசகர்கள் எழுதுவதை உங்கள் பத்திரிகையில் விடாமல் படித்து வருகிறேன். செருப்பு தைக்கும் கடையைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். என் அப்பா செருப்பு தைத்தவர். அவர் கடை எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய 2 வருஷம் ஆனது.

சொந்த அப்பாவின் கடை எங்கே இருந்தது என்று மகளுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். அப்பா கடையை மூடிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்கு வந்து வேறு வேலையில் சேர்ந்துவிட்டார். கடைப் பேச்சை வீட்டில் எடுக்கவே மாட்டார். நானும் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் ஒரு குத்தூசி கிடந்தது. மரப்பிடி, கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகி, ஒரு பக்கம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழியில் என் வலது கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. இடது கைக்கு மாற்றியதும் பொருந்திவிட்டது. அப்பா இடக்கைக்காரர். அன்றைக்குத்தான் இந்தத் தேடல் தொடங்கியது.

முதலில் காகிதத்தில் தேடினேன். பழைய டெலிபோன் புத்தகம், வியாபாரிகள் பட்டியல், வரி ஏடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். போர்டு இல்லாத, போன் இல்லாத, இன்னொருவர் கட்டடத்தின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்கு அதிலெல்லாம் இடம் ஏது? கட்டடத்துக்காரர் பெயர் இருக்கும், வாசலில் உட்கார்ந்து தைத்தவர் பெயர் இருக்காது. போட்டோவிலும் அதே கதைதான். இந்த நேரத்தில், போட்டோ எடுக்கும் முறையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான டாகேர் 1838-ல் பாரிஸில் எடுத்த தெருப் படத்தைப் பற்றிப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் பதிந்த படங்களில் இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழையது அதுதான். படம் பதியப் பல நிமிஷம் பிடித்ததால் நடந்து போனவர்களும் வண்டிகளும் அதில் விழவே இல்லை, நடைபாதை ஓரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் விழுந்துவிட்டார். பாலிஷ் போட்டவரும் அவர் காலடியில் மங்கலாகத் தெரிகிறார். இருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. அந்த மங்கல் உருவத்தைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, காகிதம் கைவிட்டது, ஆட்களிடம் கேட்போம் என்று கிளம்பினேன். அங்கேதான் பெரிய தப்பு செய்தேன். தூரத்து உறவுக்காரர் ஒருவர் "பச்சைக் கதவுன்னு நினைக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். நான் போன இடத்திலெல்லாம் "இங்கே பச்சைக் கதவு போட்ட செருப்புக் கடை ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். நாலு பேர் "ஆமாம் ஆமாம்" என்றார்கள், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள், நாலு இடத்திலும் கதவு பச்சை. கொஞ்ச நாள் கழித்து, நான் கேட்காமலேயே இன்னொருவர் பச்சைக் கதவைப் பற்றிச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. கதவுக்குப் பச்சை அடித்தவள் நான். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974-ல் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார். கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு, ஒரு சாராரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு சாராரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு 'மோதி' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், 'நொறுங்கி' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, கேள்வியில் இருப்பது பதிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதற்கப்புறம் கடையைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் "சின்ன வயசில் உங்கள் ஷூ பிய்ந்துபோனால் எங்கே கொண்டுபோவீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், பேச்சு வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. கடையை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, தன் காலை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 70 வயது தாண்டிய ஒருவர் சொன்னார்: அவருடைய பள்ளிக்கூட ஷூ முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது, வேறு ஜோடி கிடையாது, மணி அடிப்பதற்குள் போயாக வேண்டும். தைக்கிறவர் ஒரு செய்தித்தாளை விரித்து "அதுமேல நில்லு தம்பி" என்றாராம். இவர் பேப்பர்மேல் வெறுங்காலோடு நின்று படித்துக்கொண்டிருந்தாராம். "வெயில் நேரா கண்ணுல அடிக்கும், கையை நெத்தியில வெச்சுக்கிட்டே நிப்பேன். அவர் இடது கையாலதான் குத்துவார், அதையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

இடது கை என்று நான் சொல்லவில்லை. அவராகச் சொன்னது. என் கைப்பையில் அந்தக் குத்தூசி இருந்தது, எடுத்துக் காட்ட வேண்டும் போல இருந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். காட்டினால் அதுவும் இன்னொரு பச்சைக் கதவாகிவிடும்.

காலையில், கடையைப் பார்த்து நிற்கிறவர் கண்ணில் வெயில் அடித்தது என்றால் அவர் கிழக்கே பார்த்து நின்றிருக்க வேண்டும், அப்படியானால் கடை தெருவின் கிழக்கு ஓரம். இன்னொருவர், அப்பாவிடம் பேசவே முடியாது, பக்கத்து அச்சகத்துச் சத்தம் காதை அடைக்கும் என்றார். அச்சகம்! அடித்த நோட்டீஸின் அடியிலெல்லாம் தங்கள் பெயரையும் முகவரியையும் பொடி எழுத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் அச்சகக்காரர்கள். பழைய நோட்டீஸ் ஒன்று ஒரு வீட்டில் அலமாரித் தட்டில் விரித்துக் கிடந்தது. அதன் அடியில் தெருப் பெயரும் கதவு எண்ணும் தெளிவாக இருந்தன. அப்பாவின் கடைக்கு முகவரி இல்லை, பக்கத்துக் கடைக்கு இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கேட்டவர்களில் ஒருவருக்கும் அப்பாவின் பெயர் தெரியவில்லை. 'அந்த ஷூ தைக்கிறவர்' என்றுதான் சொன்னார்கள், அதைக்கூடச் சிலர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து. நானே சத்தமாகச் சொன்னேன், என் அப்பா செருப்பு தைத்தவர் என்று. அவர் வீட்டில் வாயே திறக்காமல் இருந்தது இந்தத் தாழ்ந்த குரலால்தானோ என்னவோ.

பிறகு ஒரு பாட்டி. "உங்க அப்பாவை எனக்கு அவ்வளவா தெரியாதும்மா, உங்க அம்மாவைத்தான் தெரியும்" என்றார். மதியத்துக்கு மேல் கடையில் அம்மாதான் இருப்பாராம். பை வார், பெல்ட், ஷூவின் மேல்தோல் எல்லாம் அம்மா எந்திரத்தில் தைப்பாராம். நீளமாக ஒரு கை முன்னால் நீட்டிக்கொண்டு, துணியைத் திருப்பாமல் ஊசிப் பாதத்தை மட்டும் எந்தப் பக்கமும் திருப்பித் தைக்கிற எந்திரம் என்று அவர் கையாலேயே காட்டினார். ஷூவுக்குள் நுழைத்துத் தைக்க அப்படி நீண்ட கை வேண்டும். "ஒரு கையால சக்கரத்தைச் சுத்துவா, மடியில குழந்தை தூங்கும். அது நீதானா?" இத்தனை நாளும் அப்பா கடையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அம்மா கடையும்கூட என்று சொல்ல உலகத்தில் அந்த ஒரு பாட்டி மட்டும் மிச்சம் இருந்தார்.

கடைசியில் அந்த இடத்துக்குப் பள்ளிக்கூட நேரத்தில் போய் நின்றேன். கடை இல்லை, சாதாரணச் சுவர். வெயில் கண்ணில் அடித்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இதை ஏன் அவசரமாக எழுதுகிறேன் என்றால், ஷூவைத் தைத்துத் தைத்துப் போட்ட தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. தைத்த அடித்தோல் தேய்ந்தால் பிரித்து வேறு போடலாம். இப்போது பல ஷூக்களில் ஒட்டியோ வார்த்தோ வருகிற அடிப்பாகம் போனால் ஷூவே போனது மாதிரிதான். பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் காலில் போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தாலேயே உதிர்ந்து போகும். அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல, பேப்பர்மேல் வெறுங்காலோடு நின்ற காலைநேரம் எதுவும் இருக்காது. வயதானவர்களுக்கு 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தது மற்ற வருஷங்களைவிட நன்றாக ஞாபகம் இருக்கும் என்பதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் ஷூ தைக்கக் கொடுத்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, நான் கேட்ட அந்த ஒரே கேள்வியை வாசகர்களிடம் கேளுங்கள். படமோ, இடத்தின் பெயரோ, மாதிரிப் பதிலோ போட வேண்டாம், கேள்வி மட்டும் போதும். எழுதுகிறவர்கள் அப்போது தங்களுக்கு என்ன வயது என்பதையும் எந்தப் பக்கமாக நின்றார்கள், என்ன சத்தம் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதட்டும். அந்த நீண்ட கை எந்திரம் யார் வீட்டிலாவது மூலையில் கிடந்தால், அதில் பொறித்த எண்ணையும் குறித்து அனுப்பட்டும். சிங்கர் எந்திரமாக இருந்தால் அந்த எண்ணை வைத்து அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று பார்த்துவிடலாம், அந்த எந்திரம் கடைக்கு வந்தது அதற்கு முன்னால் இருக்காது என்பதாவது நிச்சயம். தைத்தவரின் பெயர் தெரிந்தால் அதை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செருப்பு தைத்த இருவரின் மகள்