கல்லீரல் புதிது, வைரஸ் பழையது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களால் கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு மாற்று அறுவை சிகிச்சை செய்துவிட்டால் நோய் வேரோடு போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. கெட்டுப்போன கல்லீரல் போகும், வைரஸ் போகாது. ரத்தத்திலும் மண்ணீரலிலும் மிச்சமிருப்பது, புதுக் கல்லீரலுக்குள் ரத்தம் பாயத் தொடங்கியதுமே அங்கே குடியேறப் பார்க்கும்.

தடுப்பு மருந்து இல்லாத காலத்தில், பி வைரஸ் உள்ளவர்களில் பத்துக்கு எட்டு பேருக்கு அது திரும்பி வந்தது. 1980-களில் இவர்களுக்கு மாற்று சிகிச்சை செய்யவே மருத்துவர்கள் தயங்கினார்கள். இன்று அந்தத் தயக்கம் இல்லை. பழைய கல்லீரலை எடுத்து, புதியதைப் பொருத்தும் இடைவெளியிலேயே ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினை (வைரஸை மடக்கும் தயார்நிலை ஆன்டிபாடி), வழக்கமாக 10,000 யூனிட், நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். கூடவே வைரஸைப் பெருகவிடாத எண்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரை. ஆபத்து குறைந்தவர்களுக்கு ஊசியைப் பிறகு நிறுத்திவிடுவதுண்டு. மாத்திரை மட்டும் ஆயுள் முழுக்க.

சறுக்கல் நடப்பது இங்கேதான். 'ரிப்போர்ட்டில் வைரஸே இல்லையே' என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். செல்லின் உட்கருவுக்குள் வளையமாக ஒளிந்திருக்கும் டிஎன்ஏவை இந்த மாத்திரை அழிப்பதில்லை. பெருகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிடி விட்டால் எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் அது தலைதூக்கும். எண்டெகாவிரை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். அடுத்த உணவுக்கும் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானால் அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

சி வைரஸின் கதை வேறு. இதை முழுவதுமாகக் குணப்படுத்தலாம். கேள்வி, அறுவை சிகிச்சைக்கு முன்பா பின்பா என்பதுதான். வயிற்றில் நீர் கோத்து, காமாலை ஏறிய நிலையில் இருப்பவருக்குப் பெயர் 'பிரெவிர்' என முடியும் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. கல்லீரல் இன்னும் மோசமாகும். சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை, ரிபாவிரினோடு 12 வாரம் கொடுப்பார்கள். ரிபாவிரின் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது இல்லாமல் 24 வாரம். பிலிருபின், கிரியாட்டினின், ஐ.என்.ஆர். முதலிய ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து, கல்லீரல் எவ்வளவு மோசம் என்று கணக்கிடும் 'மெல்ட்' மதிப்பெண் 20-க்கு மேல் போய்விட்டால், முதலில் கல்லீரலை மாற்றிவிட்டு வைரஸை அப்புறம் கவனிப்பதே பெரும்பாலும் நல்லது. அவசரப்பட்டு முன்பே குணப்படுத்தினால் மதிப்பெண் இறங்கி, காத்திருப்போர் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவார். வயிற்று நீரும் அசதியுமோ அப்படியே நிற்கும். வைரஸை ஒழித்தும் நோயாளிக்கு நஷ்டம் என்பது விசித்திரம்தான், ஆனால் நடக்கிறது.

குணமான பிறகும் சி வைரஸுக்கான ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனைதான் கணக்கு.

இரண்டு வகை நோயாளிகளுக்கும் பொதுவானது, புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்கும் நாளில், காலை மாத்திரையைச் சாப்பிடாமல் போய், ரத்தம் கொடுத்த பிறகே சாப்பிட வேண்டும். பழக்க தோஷத்தில் விழுங்கிவிட்டுப் போனால் அளவு ஏகத்துக்கும் கூடித் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் உடல் புதுக் கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதன் அளவை இறக்கிவிடும். கிளாரித்ரோமைசினும் ஃப்ளூகோனசோலும் ஏற்றிவிடும். காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டாக்ரோலிமஸ்தான்.

கடைசியாக, கொடையாளர். பி வைரஸ் குடும்பத்துக்குள் பரவுவது. ரத்த உறவில் ஒருவர் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்தால், இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் நெகட்டிவ் என்ற ரிப்போர்ட்டோடு நிறுத்திவிடக் கூடாது. 'கோர்' ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும். அது பாசிட்டிவ் என்றால் பழைய தொற்றின் மிச்சம் அந்தக் கல்லீரலில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதற்காக அவரை ஒதுக்க வேண்டியதில்லை. பெறுபவர் பி நோயாளி என்றால் பி வைரஸுக்கான மாத்திரையை எப்படியும் சாப்பிடப் போகிறவர்தான். சி நோயாளியாக இருந்தால், அவரும் அன்றிலிருந்து பி வைரஸுக்கான மாத்திரையைச் சாப்பிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்லீரல் நோய் மருத்துவர்