எழுதியவர் 'யாரோ' அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகில் மிக அதிகமாகப் பாடப்படும் கொண்டாட்டப் பாடல் எது என்ற கேள்வியோடு சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிறந்தநாள் பாடல்தான் அது என்கிறார் கட்டுரையாளர். இருக்கட்டும். ஆனால் 'யார் எழுதியது என்று தெரியாத மரபுப் பாடல்' என்று ஒரே வரியில் அதைத் தாண்டிப் போய்விட்டார். மூன்று நாளாக அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

எழுதியவர்கள் யார் என்பது தாங்கள் அறியாததல்ல. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகர மழலையர் பள்ளி ஒன்றின் முதல்வராக இருந்த பேட்டி ஹில் ஒருவர். அவருடைய அக்கா மில்ட்ரெட் ஹில் மற்றவர். அக்கா மெட்டமைத்தார், தங்கை சொற்களைத் தந்தார். வகுப்பு தொடங்கும்போது காலை வணக்கம் சொல்வதற்காகச் செய்த பாட்டு அது; பிறந்தநாள் வாழ்த்து பின்னர்தான் அதே மெட்டில் ஏறியது. அந்த வணக்கப் பாட்டு 1893-இல் அவர்களுடைய மழலையர் பாட்டுப் புத்தகத்தில் அச்சேறியது.

எப்படிச் செய்தார்கள் என்பதையும் பேட்டி ஹில் பிற்காலத்தில் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார். சகோதரிகள் எழுதிய பாட்டை மறுநாள் காலையில் குழந்தைகளிடம் பாடிப் பார்ப்பாராம். அவர்கள் குரலுக்கு எட்டாத இடம் இருந்தால், அன்றிரவே வீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து அதை மாற்றுவார்களாம். மறுபடி பள்ளி, மறுபடி வீடு. பிஞ்சுக் குரல்களுக்காக இவ்வளவு பாடுபட்டவர்களைத்தான் தங்கள் கட்டுரை 'தெரியாதவர்கள்' ஆக்கியிருக்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்தவள் நான். அந்தப் பாட்டின் மூன்றாம் வரியில் மெட்டு ஒரு முழு ஸ்தாயி மேலே தாவும். அந்த இடம் வந்ததும் வகுப்பில் அத்தனை முகவாய்களும் ஒன்றாக மேலே உயரும். எட்டாத குழந்தை கத்தியாவது எட்டிவிடும். பிறகு மெட்டு இறங்கி வரும்போதுதான் குழந்தையின் பெயர் வருகிறது, மூச்சு வாங்கிக்கொள்ள வசதியாக. தானாக முளைத்த பாட்டில் இந்தக் கணக்கு அமையாது. குழந்தைகளோடு நாள்தோறும் இருந்த ஒருவருக்குத்தான் அது வரும்.

காலை வணக்கத்தை எடுத்துவிட்டுப் பிறந்தநாள் வாழ்த்தை அந்த மெட்டில் முதலில் வைத்தவர் யார் என்பது நெடுநாள் வழக்காடப்பட்ட விஷயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன் பள்ளியிலேயே அப்படியும் பாடினோம் என்றார் பேட்டி ஹில். அந்த வரியைப் பற்றி வேண்டுமானால் சர்ச்சை என்று எழுதுங்கள். மெட்டைப் பற்றி எழுதாதீர்கள்.

அதே கட்டுரையில் புத்தாண்டுப் பாடலான 'ஆல்ட் லாங் சைன்' பற்றி ஒரு பத்தி. அங்கே மட்டும் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பெயர் தவறாமல் வந்திருக்கிறது. ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிவைத்தது என்று பர்ன்ஸே சொன்ன பாட்டு அது! கேட்டு எழுதியதாகச் சொன்ன ஆணுக்குப் பெயர் உண்டு. தாங்களே செய்து அச்சிட்ட இரண்டு பெண்களுக்குப் பெயர் இல்லை. ஐயா, இது என்ன நியாயம்?

பிறந்தநாள் பாடலே அதிகம் பாடப்படுவது என்பதற்குக் கின்னஸ் புத்தகமும் மேற்கோளாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதிகம் பேர் அறிந்த பாட்டு என்றுதான் 1998-ஆம் ஆண்டுக் கின்னஸ் சொன்னது. அறிந்திருப்பது வேறு, பாடுவது வேறு. வீடுகளுக்குள் பாடப்படும் பாட்டை யார் உட்கார்ந்து எண்ண முடியும்?

இப்பாட்டு இப்போது 'எல்லோருக்கும் சொந்தம், ஆகவே யாருடையதும் அல்ல' என்று முடித்திருப்பதுதான் பெரிய வேதனை. 1935-இல் ஒரு பதிப்பகம் செய்த பதிப்புரிமைப் பதிவைக் காட்டி, பின்னாளில் வார்னர் சேப்பல் என்ற இசைப் பதிப்பு நிறுவனம் பாட்டைப் பயன்படுத்தியவர்களிடம் ஆண்டுக்கணக்காகக் கட்டணம் வாங்கியது. அந்தப் பதிவு சில பியானோ அமைப்புகளுக்கு மட்டுமே, பாட்டின் சொற்களுக்கு அல்ல என்று 2015-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் கட்டியவர்களுக்காக 1.4 கோடி டாலர் தர நிறுவனம் இணங்கியது. கட்டணம் போனது, சரி. அதோடு ஆக்கியவர்களுமா போய்விட்டார்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தாங்கள் கேட்கலாம். கை கழுவுவதற்காக நான் கட்டிய ஒரு சிறு பாட்டை, நான் வேலை பார்த்த பள்ளி தன் புத்தகத்தில் அச்சிட்டது. கீழே 'மரபுப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். நான் அதே கட்டடத்தில், அடுத்த அறையில் இருந்தேன். கேட்டபோது, "குழந்தைப் பாட்டுக்கெல்லாம் யார் பெயர் பார்க்கப் போகிறார்கள்?" என்றார்கள். அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் அந்தப் பாட்டை அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். தங்கள் சிறுவர் பக்கத்திலும் பாட்டுகள் பெயரில்லாமல் வருகின்றன என்று இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. பணிச்சுமை என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: மெட்டு மில்ட்ரெட் ஹில், மூலப் பாட்டின் சொற்கள் பேட்டி ஹில், 1893. இவ்வளவுதான் கேட்கிறேன். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிடலாம். அந்த இரண்டு பெயர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மழலையர் பள்ளி ஆசிரியை