தண்ணீர் லாரியைக் காலை 8 மணிக்குள் அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்: கால்வாய்க்கரைத் தெருவாசிகள், வடசென்னை.
பெறுநர்: குடிநீர் வழங்கல் பொறியாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தெருவைத் தாங்கள் அறியாதவர் அல்ல. ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் ஷீட் வீடுகள்தான். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லாததால் மீண்டும் எழுதுகிறோம்.

1. தண்ணீர் லாரி பகல் 12 மணிக்கு மேல்தான் வருகிறது. காலை 8 மணிக்குள் வரச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

2. பகல் 12 மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் 11 மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். நகர்ந்தால் இடம் போய்விடும். ஒதுங்க நிழல் இல்லை. இருந்த ஒரு புங்கமரத்தையும் வடிகால் வேலைக்காக வெட்டியாயிற்று. போன வாரம் பிரஷர் மாத்திரை சாப்பிடும் பாட்டி ஒருவர் வரிசையிலேயே மயங்கி விழுந்தார். சில பிரஷர் மாத்திரைகள் உடம்பில் உள்ள நீரைச் சிறுநீராக இறக்கிவிடும். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. கழிப்பறை தூரம் என்பதால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள். தண்ணீருக்காக நிற்பவர்கள் தண்ணீர் இல்லாமல் விழுகிறார்கள் ஐயா! தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனால் அங்கே ஷீட்டின் அனல்.

3. "சென்னைதானே, கடல் காற்று வருமே" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கோடையில் அது வந்து சேரவே பிற்பகல் ஆகிறது. அதுவரை புழுக்கம். வியர்வை காயாமல் உடம்புச் சூடு எப்படி இறங்கும்?

4. பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்று அறிவுறுத்துவதும் அரசுதான், அதே நேரத்தில் லாரியை அனுப்புவதும் அரசுதான். 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாயாம். சரி, அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? லாரி நேரத்தை மாற்ற ஒரு கையெழுத்துதானே வேண்டும்?

5. மோர்ப் பந்தல் மெயின் ரோட்டில் இருக்கிறது. போட்டோவும் எடுத்தாயிற்று. எங்கள் கிழவிகள் அதுவரை நடக்க வேண்டுமாம்.

6. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதித் தாருங்கள்.

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன், தயவுசெய்து லாரியைக் காலை 8 மணிக்குள் அனுப்புங்கள். அது நடக்கும்வரை லாரி நிற்கும் இடத்தில் ஒரு கீற்றுப் பந்தலாவது போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தெருவாசிகள்
(கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)