எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்டாயே

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வடகம் காயப்போட மாடி ஏறுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. நீ நலமா?

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு உன் மெசேஜ் வந்தது. "அப்பா, எந்த ஆன்டிவைரஸ் நல்லது? இப்ப இருக்கிறது எதையுமே பிடிக்க மாட்டேங்குது." அவ்வளவுதான். ஏழு மாதம் கழித்து எனக்கென்று வந்த முதல் வரி. கடை ஷட்டரைப் பாதி இறக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். பதில் அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். வாட்ஸ்அப்பில் உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இருபத்தேழு வருடமாகத் தட்டச்சு அடித்தே பேனா பிடிக்கிற பழக்கம் விட்டுப்போயிற்று.

சரி, கேட்டதற்கு வருகிறேன்.

முதல் காரியம், புதிதாக எதையும் வாங்காதே. இப்போது என்னென்ன இருக்கிறது என்று பார். மாசி மாதம் ஏதோ ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்தாய் என்று அம்மா சொன்னாள். அந்த மாதிரிக் கடைகளில் போகிற போக்கில் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுவிடுவார்கள், கேட்டால் ரெண்டு கூடப் போடுவார்கள். ரெட்டைப் பாதுகாப்பு என்று கணக்கு. ஒரே வாசலில் ரெண்டு நாயைக் கட்டினால் திருடனை எங்கே பார்க்கும், ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும். நீ ஒரு ஃபைலைத் திறக்கும்போது இதுவும் அதைச் சோதிக்கும், அதுவும் அதையே சோதிக்கும். மெஷின் மூச்சுத் திணறும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முறையாக அன்இன்ஸ்டால் செய். ஐகானை அழித்தால் போதும் என்று நினைக்காதே (உன் சித்தப்பா அப்படித்தான் செய்தான்). சிலது போன பிறகும் வேரை விட்டுவைக்கும், அதைப் பிடுங்க அந்தந்தக் கம்பெனியே தனியாக ஒரு கருவி கொடுக்கும்.

உன்னைப் போல ஒரு ஆள், ஒரு லேப்டாப், அலுவலக வேலை, கொஞ்சம் பாங்க் வேலை என்றால் விண்டோஸோடு வருகிற டிஃபென்டரே போதும். இதை நான் ஐந்து வருடம் முன்னால் சொல்லியிருக்க மாட்டேன். பெட்டியில் சிடியும் சாவி எண்ணும் வைத்து விற்றுக் கமிஷன் பார்த்தவன் நான். இன்றைக்குச் சொல்கிறேன், போதும். வேறு ஆன்டிவைரஸ் ஏறினால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அது போனால் மறுபடி வந்து உட்காரும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஃபுல் ஸ்கேன் கொடு. அது முடிந்ததும் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும், அதையும் கொடு. லேப்டாப் தானே அணைந்து, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன் தேடும். ஒரு கால் மணி நேரம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்கிறவர்களுக்கு அது ஒளிய இடம் தராது. அப்படியும் சந்தேகம் என்றால் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை இறக்கி ஒரு தடவை ஓட்டிப் பார். ரெண்டாவது டாக்டரிடம் காட்டுவது போல.

விண்டோஸ் பத்தா பதினொன்றா என்பதையும் பார். பத்துக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டார்கள். அப்டேட் இல்லாத விண்டோஸில் எந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும் கூரை இல்லாத வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டுதான்.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் நம்ம ஊர்ச் சரக்கே இருக்கிறது. கே7 சென்னைக் கம்பெனி, 1991இல் ஆரம்பித்தது. க்விக் ஹீல் புனேக்காரர்களுடையது. அதை ஆரம்பித்த கைலாஷ் காட்கர் முதலில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம், நம்ம மாதிரி கடைக்காரர் என்று. காஸ்பர்ஸ்கையை 2024இல் அமெரிக்கா தன் நாட்டில் விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. ரஷ்யக் கம்பெனி என்கிற பயம். கடையில் நானே பல பேருக்குப் போட்டிருக்கிறேன், நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனாலும் உன் ஆபீஸ் ஆட்களைக் கேட்காமல் போடாதே. அவாஸ்ட் கதை தெரியுமோ? இலவசமாகக் கொடுத்தார்கள், உலகமே போட்டுக்கொண்டது. யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதைத் திரட்டி, துணைக் கம்பெனி ஒன்று மூலமாக விற்றிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு நிறுத்திய ஆளே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கதை.

அதைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது.

பென் டிரைவைக் கண்ட இடத்தில் செருகாதே. பிரின்ட் எடுக்கிற கடையில் செருகினால் வந்ததும் ஸ்கேன் செய். இதை உனக்குச் சொல்ல வேண்டுமா? எட்டாவது படிக்கும்போதே அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் நீ. ஒரு காலேஜ் பையன் ப்ராஜெக்ட் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அழாத குறையாக வந்தானே. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போய், எதைத் திறந்தாலும் ஒன்றுமில்லை. நான் தாலுகா ஆபீசுக்குள் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நீ கறுப்புத் திரையில், ஒளிந்திருக்கிற ஃபைலை வெளியே கொண்டுவருகிற அட்ரிப் கட்டளையை அடித்துக்கொண்டிருக்கிறாய், பள்ளிக்கூட யூனிஃபார்மோடு, ரெட்டை ஜடையோடு. வைரஸ் ஃபைலை அழிக்கவில்லை அண்ணா, ஒளித்துத்தான் வைத்திருக்கு என்று அவனுக்கு வேறு விளக்கம். மறைந்திருந்த ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவன் ஐம்பது ரூபாயை நீட்ட, நீ என் முகத்தைப் பார்த்தாய். வாங்கிக்கொள் என்று தலையாட்டினேன். அன்றைக்குத் தெப்பக்குளம் வரைக்கும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

அப்படிப்பட்டவள் ஆன்டிவைரஸ் எது நல்லது என்று என்னைக் கேட்கிறாய்.

அம்மாவுக்கு ஞாயிறு தவறாமல் போன் போடுகிறாய், சந்தோஷம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், இருமுவது உனக்கும் கேட்டிருக்கும். அப்பாவிடம் கொடு என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சித்தப்பா வீட்டு வளைகாப்புக்கும் வரவில்லை, லீவு இல்லை என்றாய். என் தங்கச்சிகள் ரெண்டு பேரும் என்னைத்தான் கேட்டார்கள். பெற்றவனிடம் ஏழு மாதம் பேசாமல் இருக்க உன்னால் எப்படி முடிகிறது? சரி, விடு. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

க்ரோமில் வலது பக்க மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று பெட்டி பெட்டியாக வந்தால் அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பாய். செட்டிங்ஸில் போய் அந்தத் தளத்தை எடுத்துவிடு. அதைச் சொடுக்காதே, அதில் வருகிற நம்பருக்குப் போன் போடாதே, தூரத்திலிருந்தே உன் மெஷினை இயக்க விடுகிற எனிடெஸ்க் மாதிரி எதையும் இறக்கச் சொன்னால் இறக்காதே. பென் டிரைவ் விஷயமும் ஞாபகம் இருக்கட்டும்.

எதையுமே பிடிக்க மாட்டேங்குது என்று எழுதியிருந்தாய். ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஐகார் என்று ஒரு சோதனை ஃபைல், மொத்தமே 68 எழுத்து. ஒரு தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டதும் கத்தவேண்டும் என்று அவர்களுக்குள் ஏற்பாடு. அந்த வரியை நோட்பேடில் ஒட்டிச் சேமித்துப் பார். கத்தினால் ஆன்டிவைரஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிடிக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

கயல், உன் லேப்டாப்பில் ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

பொங்கலுக்கு வந்தபோது டிக்கெட் பிரின்ட் எடுக்கக் கடை மெஷினில் வாட்ஸ்அப் வெப் திறந்தாய். போனைக் காட்டி ஸ்கேன் செய்தாய், பிரின்ட் எடுத்தாய், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாய். லாக் அவுட் செய்யவில்லை. மறுநாள் காலையில் பிரவுசரைத் திறந்ததும் வந்து நின்றது. தினமும் பத்து பேர் இப்படி மறந்துவிட்டுப் போகிறார்கள். பார்க்காமல் லாக் அவுட் கொடுத்துவிடுவேன், அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. அன்றைக்கு என் மகளுடையது என்று தெரிந்தும் கொடுக்கவில்லை.

பதினோரு நாள் பார்த்தேன். முதலில் பெயர்களை மட்டும். அப்புறம் அந்தப் பையன் எழுதியது, அப்புறம் நீ எழுதியது. கடையில் ஆள் வந்தால் விண்டோவைச் சின்னதாக்கிவிட்டு, போனதும் மறுபடி பெரிதாக்கினேன். என்ன பயந்தேனோ அப்படி ஒன்றும் அதில் இல்லை. சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, உன் அறைத்தோழியின் பல்வலி. ஒரு இடத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்தாய். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், என்னிடம் சொன்னது இல்லையே அது.

நீ போன் போட்டு, நான் திறக்காத மெசேஜ் எல்லாம் படித்ததாகக் காட்டுகிறதே அப்பா, என்ன காரணம் என்று கேட்டாய். வேறு யாரையும் கேட்கவில்லை, கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று என்னைக் கேட்டாய். பேசிக்கொண்டே இந்தக் கையால் லாக் அவுட்டை அமுக்கினேன். "ஏதாவது வைரஸா இருக்கும்மா" என்றேன். வாட்ஸ்அப் எந்தெந்த மெஷினில் திறந்திருக்கிறது என்று காட்டுகிற லிங்க்டு டிவைசஸில் பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் கடை மெஷின் தெரிந்துவிடும் என்றும் தெரியும். அந்த வாரமே "நந்தி மலையில் குளிர் எப்படி" என்று வாய்தவறிக் கேட்டேன். நீ ஒரு நொடி பேசவில்லை. மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அன்றையிலிருந்துதான் இந்த ஏழு மாதம்.

இப்போது கேட்டாயே, அது நிஜமாகவே வைரஸ் என்று நம்பிக் கேட்டதா, நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கக் கேட்டதா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். என் பொய்யை நம்பித்தான் நீ ஃபார்மட் அடித்தாய். அதில் அப்பாயி போட்டோக்கள் போய்விட்டன என்று அம்மா சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

உளவு பார்க்கிற சாஃப்ட்வேர் எதையும் உன் லேப்டாப்பிலோ போனிலோ நான் போடவில்லை. இதை நீ நம்ப வேண்டியதில்லை, சரிபார்க்கலாம். போனில் லிங்க்டு டிவைசஸ் திற, தெரியாதது எது இருந்தாலும் வெளியேற்று. மெயிலிலும் அப்படியே, எங்கெங்கே திறந்திருக்கிறது என்று காட்டும், எல்லாவற்றிலிருந்தும் லாக் அவுட் கொடுத்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்று. எனக்குத் தெரிந்த எதுவும் அதில் வரக் கூடாது. அப்பாயி பெயர், நம்ம வண்டி நம்பர், உன் நட்சத்திரம், எதுவும் வேண்டாம். ரெண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடு.

அந்தப் பையனைப் பற்றி நானாக எதுவும் கேட்க மாட்டேன். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சொல்வதானால் நீ சொல்லலாம், அல்லது சொல்லாமலும் இருக்கலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க் நாலையும் மூன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அப்பாயி போட்டோ 38 கிடைத்தது. பாமணி ஆற்றங்கரையில் நீ அவள் மடியில் உட்கார்ந்து கரும்பு கடிக்கிற படமும் இருக்கிறது. பார்சலில் பென் டிரைவாக வைத்திருக்கிறேன். இங்கே ரெண்டு தடவை ஸ்கேன் செய்துதான் போட்டேன், ஆனாலும் நீயும் செய்துவிட்டே திற.

அன்புடன்,
அப்பா

பி.கு. வடகமும் எலுமிச்சை ஊறுகாயும் அம்மா வைத்தது. ஊறுகாய் பாட்டிலைத் தனிக் கவரில் சுற்றியிருக்கிறேன், நிமிர்த்தியே வைத்துப் பிரி. இத்தனை பக்கம் என்னத்தை எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஆன்டிவைரஸ் பற்றி என்று சொல்லியிருக்கிறேன்.