பிரித்துப் பின்னிய சிவப்பு ஸ்வெட்டர்

குன்னூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். மூன்று நாளாக விடாத மழை. துணி ஒன்றும் காயவில்லை, வீடெல்லாம் கொடி கட்டியிருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்தால் சின்னவள் பிடுங்குகிறாள், பெரியவன் தன் காரைக் காட்ட ஓடி வருகிறான். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

போன வாரம் வீடியோவில் உன் சோபாவுக்கு அடியில் அந்தப் பை தெரிந்தது. மாசமாக இருந்தபோது அக்டோபரில் ஆசையாக வாங்கின மஞ்சள் உல்லன். ஊசியில் நாலு விரற்கடை பின்னல் அப்படியே நிற்கிறது. "ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா அத்தனை பின்னின? எனக்குக் குளிக்கவே நேரம் இல்ல" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அன்று முழுக்க மனசு கேட்கவில்லை. கேட்டதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும்.

எனக்கும் நேரம் இருந்ததில்லை, கண்ணு. தேயிலைக் கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் அப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். பகலில் அவர் தூங்க வேண்டும், அதனால் உங்கள் இருவரையும் சத்தம் போடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். நான் பின்னின நாட்களில் வீடு கூட்டாமல் கிடந்ததும் உண்டு. மதியத்துக்கு வெறும் ரசமும் அப்பளமும் வைத்ததும் உண்டு. அதையெல்லாம் நீ பார்த்திருக்க மாட்டாய். ஸ்வெட்டர் மட்டும்தான் போட்டோவில் இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது மேல் வீட்டுப் பாட்டி. கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உன்னை மடியில் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருப்பேன். "குத்து, சுத்து, இழு, விடு" என்று அவர் சொல்லச் சொல்ல என் கை போகும். இந்த நாலு அசைவுதான் மொத்தப் பின்னலும். நேர்ப் பின்னலை நிட் என்பார்கள், மறுபக்கப் பின்னலைப் பர்ல் என்பார்கள். பர்ல் பின்னும்போது நூல் முன்பக்கம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்வரை பூ வேலை, ஓட்டை வேலை எதையும் தொடாதே என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், கீழே பார்டருக்கு மட்டும் ஒரு நிட் ஒரு பர்ல். அழுகைச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி எழுந்து போகலாம், திரும்பி வந்து யோசிக்காமல் தொடரலாம். அது எவ்வளவு பெரிய புத்தி என்று பிறகுதான் தெரிந்தது.

என் கணக்கு இப்படி. 10-ம் நம்பர் ஊசி, நாலு இழை உல்லன். என் கைக்கு ஓர் அங்குல அகலத்துக்கு 7 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், வரும்; உயரத்தில் அங்குலத்துக்கு 9 வரிசை. உன் இரண்டு வயது ஸ்வெட்டருக்கு முன்பக்கம் 84 கண்ணி, முதுகுக்கு 84. முதுகின் நீளம் 12 அங்குலம், அதாவது நூற்றெட்டு வரிசை. ஒரு வரிசைக்கு நாலு நிமிஷம் ஆகும். பால் பொங்குவதற்குள் ஒன்று, குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் இரண்டு. தினம் இரண்டு வரிசை என்றால் முதுகு முடிய ஐம்பத்துநாலு நாள். பொங்கல் கழிந்து தொடங்கினேன், ஜூன் மழை பிடிக்கும்போதுதான் கழுத்துக்குப் பொத்தான் வைத்தேன். நீ ஒரு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாய். அதனால்தான் அந்தப் பையைப் பார்த்தாலே உனக்கு மலைப்பாக இருக்கிறது.

வரிசையை எண்ண முதலில் புளியங்கொட்டை வைத்திருந்தேன். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒவ்வொன்றாக மாற்றுவேன். ஒருநாள் தம்பி ஒரு கொட்டையை வாயில் போட்டுவிட்டான். விரலை விட்டு எடுத்தேன், அன்று ராத்திரி முழுக்க எனக்கு நெஞ்சு படபடத்தது. மறுநாளே கொட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சில் கோடு போடத் தொடங்கினேன். நீயும் பொத்தான், மணி எதையும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதே. ஊசியை அலமாரி உச்சியில் வை.

இன்னொன்று, உனக்கு நினைவிருக்காது. உனக்கு மூன்று வயது. முதல் ஸ்வெட்டர் பத்தாமல் போய்விட்டது, அதைப் பிரித்து வெள்ளைப் பட்டை சேர்த்துப் பெரிதாகப் பின்னிக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் நீ ஊசியை உருவிவிட்டாய். கண்ணிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன, நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே நீ வராந்தா வரைக்கும் போயிருந்தாய். இருபது நாள் வேலை. உன் கையில் ஓர் அடி வைத்தேன். நீ அழவில்லை, என் முகத்தையே பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது. பிறகு உன்னை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினேன். நீ எண்ணினாய். பத்துக்கு மேல் உனக்குத் தெரியாது, திரும்பத் திரும்ப ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்ணினாய்.

ஏன் விடாமல் பின்னினேன் என்றால், நாள் முழுக்கச் செய்கிற வேலை ஒன்றாவது நிற்கிறதா சொல். சமைத்தால் சாப்பிட்டுத் தீர்கிறது. துவைத்தது சாயங்காலம் அழுக்காகிறது. ஊட்டியது, குளிப்பாட்டியது எல்லாம் மறுநாள் காலை முதலிலிருந்து தொடங்கும். முந்தின ராத்திரி பின்னின இரண்டு வரிசை மட்டும் காலையில் அங்கேயே இருக்கும். தடவிப் பார்ப்பேன். நேற்று நான் ஒன்று செய்தேன் என்பதற்கு அது சாட்சி மாதிரி. உனக்கும் இப்போது அதுதான் வேண்டும் என்று உன் குரலைக் கேட்டபோது தோன்றியது.

உங்களை ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போன ஒருநாள், தோடர் அம்மா ஒருவர் வெயிலில் உட்கார்ந்து, அவர்கள் போர்த்திக்கொள்ளும் சால்வையான பூத்குளிக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். துணியில் ஒரு கோடுகூட வரையவில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே தைக்கிறார், அதுவும் துணியின் பின்பக்கத்திலிருந்து. பக்கத்தில் பேரக்குழந்தை தூங்குகிறது. எண்ணிக்கை விட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிரித்துவிட்டு மறுபடி எண்ணுவேன் என்றார், சாதாரணமாக. 2013-ல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் விரல்தான் என் கண்ணில் நின்றது.

சரி, உன் பின்னலுக்கு வருகிறேன். அது கொசுவலை மாதிரி இருக்கிறது, எனக்குக் கை வரவில்லை என்றாய். தப்பு உன் கையில் இல்லை, நான் சொன்னதில் இருக்கிறது. 10-ம் நம்பர் ஊசி வாங்கு என்றேன். நம் ஊர் 10 பழைய பிரிட்டிஷ் கணக்கு, 3.25 மில்லிமீட்டர் கனம். எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்காவில் தலைகீழ். அங்கே 10 என்று கேட்டால் 6 மில்லிமீட்டர் ஊசி கொடுப்பார்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். மெல்லிய உல்லனை அதில் பின்னினால் ஓட்டைதான் விழும். நம் ஊசிக்குச் சமமானது அங்கே 3-ம் நம்பர். என்னுடைய ஊசி ஒரு ஜோடி பார்சலில் அனுப்புகிறேன், அதிலேயே தொடங்கு. பின்னினதைப் பிரிக்கத் தயங்காதே. நூல் இடியாப்பம் மாதிரி நெளிந்திருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு கரண்டியைக் கட்டிக் கொடியில் தொங்கவிடு. காய்ந்ததும் நேராகிவிடும். உன் சிவப்பு நூல் அப்படித்தான் உனக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று என்று மூன்று ஸ்வெட்டரானது.

உறையைப் பார்த்து வாங்கு. அசல் கம்பளி என்றால் வெந்நீரில் போடாதே, டிரையரில் கண்டிப்பாகப் போடாதே. இழைகள் ஒன்றோடொன்று கவ்விச் சுருங்கிவிடும். நான் தம்பியின் தொப்பி ஒன்றைக் கொதிநீரில் போட்டேன், பிறகு அது பொம்மைக்குத்தான் பத்தியது.

உன் தோழி, இதை விற்கலாமே என்றாளாமே. இப்போது வேண்டாம், கண்ணு. 2000 வாக்கில் தேயிலை விலை விழுந்து அப்பா சம்பளம் தள்ளித் தள்ளி வந்தபோது, சீசன் கடை ஒன்றுக்குக் குரங்குத் தொப்பி பின்னிக் கொடுத்தேன். உங்கள் பள்ளிக்கூடப் பணம் கட்ட முடிந்தது, அதற்கு வருத்தம் இல்லை. ஆனால் கடைக்காரர் காசை இழுத்தடித்தார், தேதிக்குக் கொடுக்க ராத்திரி இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்தேன். அந்த வருஷம் ஊசியைப் பார்த்தாலே மணிக்கட்டு வலித்தது. குழந்தைகள் சிறிதாக இருக்கும்வரை அது உன்னுடையதாக மட்டும் இருக்கட்டும்.

பெரியவனையும் சேர்த்துக்கொள். உல்லனைச் சிட்டமாக, அதாவது நீள வளையக் கட்டாக, வாங்கினால், அவன் இரண்டு கையிலும் மாட்டிவிட்டு நீ உருண்டை சுற்று. உன்னை அரை மணி ஒரே இடத்தில் நிற்க வைத்த வேலை அது ஒன்றுதான். கையைத் தூக்கிக்கொண்டு, மூக்கு அரித்தாலும் அசையாமல், அவ்வளவு பொறுப்பாக நிற்பாய்.

பாப்பாவின் மார்பளவை டேப் வைத்து எடுத்து அனுப்பு. இறுக்கிப் பிடிக்காதே, உள்ளே ஒரு விரல் போகட்டும். குளிர் வருவதற்குள் வளர்ந்துவிடுவாள், அதையும் சேர்த்து நான் கணக்குப் போட்டு எழுதுகிறேன். முதுகை நீ பின்னு. கை இரண்டையும் நான் இங்கே பின்னி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பார்சலில் ஒரு சிவப்பு உருண்டை இருக்கும். தம்பி ஸ்வெட்டரில் மிஞ்சினது. பெரியவனோடு உட்கார்ந்து தொப்பிக்குக் குஞ்சம் செய். கல்யாணப் பத்திரிகை அட்டையில் இரண்டு வளையம் வெட்டிச் சுற்றுவோமே, அதேதான். அட்டையும் இரண்டு வைத்திருக்கிறேன்.