போரில் இறந்தவரை ஊர் பெற்றுக்கொள்ளும் முறை: ஊராட்சித் தலைவர்களுக்கும் கிராமக் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களுக்கும் நாட்டாண்மைகளுக்கும் இளைஞர் மன்றத்தாருக்கும் முன்னாள் படைவீரர்கள் சிலர் எழுதுவது. வணக்கம்.

எல்லையில் சண்டை மூண்டதும் வாட்ஸ்அப்பில் யார் பெயரோ யார் படமோ ஓட ஆரம்பித்துவிடுகிறது. ராணுவம் இறப்பை முதலில் சொல்வது, வீரர் எழுதிக் கொடுத்திருக்கும் நெருங்கிய உறவினரிடம். மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாலோ, கொடுத்த எண் மாறியிருந்தாலோ தகவல் சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ‘கண்ணீர் அஞ்சலி’ போட்டால், பெற்ற தாய் அதைப் பக்கத்து வீட்டுப் பையன் கையில் பார்ப்பாள். வீட்டுக்குச் சொல்லியாயிற்று என்று வட்டாட்சியரோ காவல் நிலையமோ உறுதி செய்யும்வரை யாரும் எதையும் பகிரக் கூடாது. இதை ஊர்க்கூட்டத்தில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களில் பெரும்பாலோரை அங்கேயே எரித்தார்கள், புதைத்தார்கள். ஊருக்கு வந்தது தந்தியும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். 1999 கார்கில் போரில்தான் கொடி போர்த்திய பெட்டிகள் வீடு வீடாக வந்து சேர்ந்தன. அந்தக் காட்சிக்குப் பிறகே, இறந்தவர் உடனே வந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மக்களிடம் உண்டாயிற்று. அதே போரில் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29 அன்று கார்கில் பகுதியின் பட்டாலிக்கில் உயிரிழந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. மலையும் பனியும் எதிரியின் குண்டுவீச்சும்தான் நாளைத் தீர்மானிக்கும். காத்திருக்கும் வீட்டில் போய் “எப்ப வருது?” என்று தினமும் கேட்காதீர்கள்.

பெட்டி வந்ததும் திறந்து காட்டச் சொல்லிக் கூட்டம் வற்புறுத்தும். குண்டு வெடிப்பில் போனவர் என்றால் பெட்டியை மூடி அனுப்பியதற்குக் காரணம் இருக்கும். திறப்பதா வேண்டாமா என்பதை உடன் வரும் அதிகாரியும் குடும்பத்தாரும் மட்டும் பேசி முடிவு செய்யட்டும். கொடியின் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைச் சிதையில் எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது. மடித்து வாரிசிடம் கொடுப்பார்கள். துப்பாக்கி மரியாதை நடக்கும்போது சரவெடி வேண்டாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் வழி. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரை மண்சாலையில் ராணுவ வண்டி புதைந்துவிடும். மதகுப் பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று முதல் நாளே பார்த்து, முடியாதென்றால் தோளில் தூக்க எட்டுப் பேரை நிறுத்துங்கள். இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை: நம் படுகையில் பல காலனிகளுக்குச் சுடுகாட்டுக்குத் தனிப் பாதை கிடையாது, நட்ட வயலில் இறங்கித்தான் பிணம் போகிறது. அந்தத் தெருவிலிருந்தும் பையன்கள் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். பெட்டி வந்த பிறகு பாதைக்குப் பஞ்சாயத்துப் பேச நேரம் இருக்காது.

“குண்டடி பட்டா, சும்மா செத்ததா?” என்று துக்க வீட்டிலேயே கேட்கிறவர்கள் உண்டு. சியாச்சினில் எதிரியை விடப் பனிதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேரைப் பனிச்சரிவு மூடியது, யாரும் பிழைக்கவில்லை. காகிதத்தில் இந்த வகைப்பாட்டுக்கு அர்த்தம் உண்டு. பணிக்குத் தொடர்பில்லாத இறப்பு என்றால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். முதல் சில ஆண்டுகள் மட்டும் கூடுதலாக வரும். பணியால் வந்த நோய் என்று ஏற்றால் 60 சதவிகிதம். எதிரி நடவடிக்கை என்றால் முழுச் சம்பளம். எனவே குடும்பத்தார் விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டிய பிறகே ஓய்வூதியக் காகிதங்களில் கையெழுத்திட வேண்டும். ஆனால் அந்த வகைப்பாட்டை வைத்து ஊர் மரியாதையை அளக்கக் கூடாது.

இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1990 மார்ச்சில் மிச்சப் படை சென்னையில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அந்தப் படையால் ஈழத்தமிழர் பட்டதைக் கண்டு கோடியக்கரைவரை எழுந்த கோபம் நியாயமானது என்றே நாங்களும் நினைக்கிறோம். அந்தக் கோபம் அனுப்பியவர்களைச் சேர வேண்டியது. இறந்தவனின் தாய் அழக்கூட வெட்கப்படும்படி ஊர் நடந்துகொண்டது தவறு. முதல் உலகப் போருக்குப் பின் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் வைத்த கல்வெட்டுகளில் இரண்டே எண்கள் உண்டு: இங்கிருந்து போனவர் இத்தனை, இறந்தவர் இத்தனை. போர் சரியா தவறா என்று அந்தக் கல் பேசுவதில்லை. அப்படி ஒரு கல், எல்லாத் தெருப் பெயரோடும், ஊராட்சி அலுவலக வாசலில் வையுங்கள். தலைவர்கள் படம் போட்ட ஃபிளெக்ஸ் வேண்டாம்.

கார்கிலில் இறந்தவர் 527 என்று பலருக்குத் தெரியும். காயமடைந்தவர் 1,363. காலிழந்தவருக்குப் புனேயில் உள்ள ராணுவச் செயற்கை உறுப்பு மையம் கால் பொருத்தி அனுப்பும். நாளாக ஆகத் தொடைத் தசை வற்றி, மிச்சக் கால் பொருந்தும் கிண்ணம் தளர்ந்து, உரசிப் புண்ணாகும். மறுபடி அளவெடுக்க வேண்டும். ஓரடி வரப்பில் அந்தப் பாதம் வழுக்கும், நாற்றங்கால் சேற்றில் இறங்கினால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். விவசாயம் பார்க்க முடியாமல் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவரைச் சோம்பேறி என்பார்கள், அவர் வாய் திறக்க மாட்டார். ரேஷன் கடைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் சாய்தளம் கட்டுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். பல இடங்களில் நாலடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழும். அடுத்த கிராம சபையில் இதை முதல் தீர்மானமாக வையுங்கள். அளந்து கொடுக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையின் முன்னாள் படைவீரர்கள் சிலர்