கணக்கில் வராத பட்டாளத்துக்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு நான்கு வரிச் செய்தி. 'குடும்பத் தகராறு: முன்னாள் ராணுவ வீரர் தற்கொலை.' வயது 41. அவரை எனக்குத் தெரியாது. ஆனால் நானும் 17 வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். தலைப்பின் முதல் இரண்டு சொற்கள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அன்று வீட்டில் சண்டை நடந்திருக்கலாம். சண்டை நடக்காத வீடு எது? அது ஒன்றுதான் காரணம் என்று அச்சில் வந்துவிட்டால், அந்த மனைவி காலம் முழுக்க ஊருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பணியில் இருப்பவர்களுக்காவது ஒரு கணக்கு உண்டு. 2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு தந்த பதிலின்படி, 5 ஆண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தரைப்படையில் மட்டும் 642. வேலையை முடித்து ஊருக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் தற்கொலைகளைத் தொழில்வாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. முன்னாள் படைவீரருக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. 'ஓய்வுபெற்றவர்' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் சிப்பாயாகச் சேர்ந்த எங்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே பென்ஷனில் வந்துவிடுகிறோம். வந்த கையோடு வங்கி வாசலிலோ அபார்ட்மெண்ட் கேட்டிலோ செக்யூரிட்டி சட்டை மாட்டிக்கொள்கிறோம். அப்படி ஒருவர் இறந்தால் சம்பளக்காரர்களோடு சேர்த்து எண்ணப்படவே வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் இதற்கென்றே ஆண்டறிக்கை வருகிறது: 2022-ல் முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர். படிக்கவே பகீரென்கிறது. ஆனாலும் அங்கே எண்ணுகிறார்கள்.

சர்வீஸில் இருக்கும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் மெடிக்கல் தரத்துக்கு 'ஷேப்' என்று பெயர். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. அதில் முதல் எழுத்தே மனநலத்துக்குத்தான். அங்கே தரம் இறங்கினால் 'லோ மெடிக்கல் கேட்டகிரி' ஆகிவிடுவோம், புரமோஷனுக்குச் சிக்கல். அதனால் தூக்கம் வராவிட்டால் வெளியே சொல்ல மாட்டோம். இத்தனை வருடம் மறைத்துப் பழகியவன் பென்ஷன் வந்த மறுநாளே வாய் திறந்துவிடுவானா?

என் கதையையே சொல்கிறேன். பிள்ளைகளுக்கு நான் வருடம் இரண்டு மாதம் லீவில் வந்துபோகும் ஆள். லீவு முடிந்தும் கிளம்பாத விருந்தாளியைப் போல வீட்டில் உட்கார்ந்திருந்தேன். யூனிட்டில் சாயங்காலம் ரோல் கால் இருக்கும். ஓர் ஆள் குறைந்தால் உடனே தேடுவார்கள். ஊரில் நான் மூன்று நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. 'பட்டாளத்துக்காரருக்குக் கோபம்' என்று விட்டுவிட்டார்கள். அப்போது பழைய செக்ஷன் கூட்டாளி ஒருவன் போன் செய்தான். என் குரலைக் கேட்டதுமே, "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகக் கேட்டான். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் பஸ் பிடித்து வந்துவிட்டான். அவன்தான் டாக்டரிடம் கூட்டிப் போனான். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். எனக்கு அந்த எண்ணம் ஏற்கெனவே இருந்தது. அவன் கேட்டதால் சொன்னேன், அவ்வளவுதான்.

கூட்டாளி கேட்டதை அரசாங்கம் கேட்கக் கூடாதா? உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒருமுறை சான்று கொடுக்கிறோம். ராணுவக் கேன்டீன் கார்டில் மாதம் எத்தனை மது பாட்டில் வாங்கினோம் என்பது வரை பதிவாகிறது. முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஹெச்எஸ் பாலிகிளினிக்கில் சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். இந்த மூன்றில் ஏதாவது ஓர் இடத்தில், பென்ஷன் வந்த முதல் இரண்டு வருடமாவது, தூக்கம் வருகிறதா, மனசில் என்ன ஓடுகிறது என்று தமிழில் கேட்க ஒருவரை உட்கார வைக்கலாம். டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. பயிற்சி கொடுத்த ஒரு முன்னாள் சுபேதார் கேட்டால் எங்கள் ஆட்கள் இன்னும் சுலபமாகப் பேசுவார்கள்.

செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எங்களில் உண்டு. தேர்தல் வந்தால் மறுபேச்சில்லாமல் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம். மனசு சரியில்லாத காலத்திலும் அது வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் வேலூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இப்போது அக்னிவீரர்கள் வேறு. நான்கே வருடத்தில், பென்ஷனும் இல்லாமல், பெரும்பாலானவர்கள் திரும்பி வருவார்கள். நால்வரில் ஒருவர் வரைதான் தொடர முடியும். இந்தப் பையன்களை யார் விசாரிக்கப்போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை.

14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரில் வந்தது. 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கும் குடும்பத்தாருக்கும் அதன் தனிப் பிரிவையே தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சென்ற மாதம் கேன்டீன் வரிசையில் நின்ற பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன்; ஒருவருக்கும் தெரியவில்லை. கேன்டீன் சுவரில் பிரிட்ஜ், டிவி விலைப்பட்டியல் மட்டும் பெரிதாக ஒட்டியிருந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், காரணத்தைத் தலைப்பிலேயே தீர்ப்பாக எழுதாதீர்கள். எப்படி இறந்தார் என்பதும் வேண்டாம். செய்திக்குக் கீழே 14416, மாநில அரசின் சுகாதார உதவி எண் 104 என்ற இரண்டு எண்களையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டி வந்தால் என் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.
(பிள்ளைகள் படிப்பார்கள் என்பதால் பெயர் வேண்டாம்.)